பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் போக வேண்டிய புளியமரத்தடிப் பட்டறை

தர்மபுரியில் இருந்து பாலக்கோடு போகிற ரோட்டில், ஊர் சத்தம் அடங்கியதும் இடது கைப் பக்கம் ஒரு பெரிய புளியமரம், அதற்குக் கீழே தகரக் கொட்டகை, வாசலில் சக்கரம் இல்லாத டிராக்டர் டிரெய்லர் ஒன்று கல் மேல் நிற்கும். போர்டு கிடையாது. மேப்பில் தேடினால் வராது. பெயர் கேட்டேன், "பேரு எதுக்கு சார், பழைய ஜீப் பாக்கிற பட்டறைன்னு கேளுங்க, சொல்லுவாங்க" என்றார் மேஸ்திரி. உண்மைதான், எதிரில் டீக்கடைக்காரரே கை காட்டினார்.

இந்தப் பட்டறையைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம், மூன்று மாதமாக என் ஜீப்பில் இருந்த ஒரு கோளாறை இவர் ஒரு சாக்கட்டியை வைத்துக் கண்டுபிடித்தார். மிகைப்படுத்தவில்லை, ஸ்கூலில் போர்டில் எழுதுகிற அதே சாக்கட்டிதான்.

வண்டியைச் சொல்லிவிடுகிறேன். மஹிந்திரா சிஜே3பி, ஆர்.சி. புக்கில் 1972. அமெரிக்காவில் 1953ல் வந்து 1968ல் நின்றுபோன மாடல், நம் ஊரில் அதற்கப்புறமும் வெகுநாள் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருக்கிற பெட்ரோல் எஞ்சின் உயரமானது, அதற்கு இடம் கொடுக்கத்தான் பானெட்டை அப்படித் தூக்கி வைத்தார்கள், அதனால்தான் பார்ப்பதற்குக் கொஞ்சம் நெற்றி ஏறின ஆள் மாதிரி இருக்கும். அப்பா இதைக் காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருந்த ஒருவரிடம் வாங்கினார். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுற்றுகிற இரும்பு டிரம்முக்குள் ஷூ என்கிற இரண்டு வளைந்த துண்டு விரிந்து உரசி வண்டியை நிறுத்தும். பூஸ்டர் கிடையாது, நம் காலுக்கு எவ்வளவு பலமோ அவ்வளவுதான் பிரேக். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் ஒன்றுதான், நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஒரு இடத்தில் பைப் உடைந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது என்று அர்த்தம்.

இந்த வருடம் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியிருந்தது. சொந்த வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிந்த பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டுமே. சரி, பிரேக்கை முழுசாகப் புதுசாக்கிவிடலாம் என்று வேறொரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஊர், பெயர் எதுவும் வேண்டாம், அவர்களும் பிழைக்க வேண்டும். எட்டு ஷூவுக்கும் புது லைனிங் (டிரம்மில் உரசுகிற பட்டை), சக்கரத்தில் ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் புது பக்கெட் (ஆயில் ஒழுகாமல் அடைக்கிற ரப்பர்), மாஸ்டருக்குப் புது கிட். முன் டிரம்முக்கு மட்டும் கீறல் அதிகம் என்று புதுசாகவே வாங்கிப் போட்டார்கள். வண்டியை எடுக்கப் போன அன்று பையன் ஒருவன் முன் டிரம்மை ரப்பர் சுத்தியலால் தட்டி உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தான். "புது லைனிங் சார், கொஞ்சம் டைட்டாத்தான் போகும்" என்றான். நானும் தலையாட்டினேன். இந்தச் சுத்தியலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறது.

வெளியே எடுத்ததில் இருந்தே பெடல் சரியில்லை. மிதித்தால் பிரேக் பிடிக்கும், ஆனால் கால் ஏதோ ஈரப் பஞ்சு மூட்டையை மிதிப்பது போல உள்ளே போய்க்கொண்டே இருக்கும். திரும்பக் கொண்டுபோனேன், "ஏர் பிடிச்சிருக்கு" என்று ஏர் எடுத்தார்கள், அதாவது ஆயில் லைனுக்குள் இருக்கிற காற்றை வெளியேற்றினார்கள். ஒரு பாட்டில் பிரேக் ஆயில் போச்சு. பெடல் அப்படியே. இரண்டாம் தடவை, அதே ஏர், இன்னொரு பாட்டில். மூன்றாம் தடவை "மாஸ்டரையே மாத்திடலாம் சார், பழசு" என்றார்கள். அங்கே எனக்குப் பொறுமை போய்விட்டது.

அப்புறம்தான் தர்மபுரிப் பக்கத்து வத்தல்மலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரப் பையன்கள் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மேலே போய்விட்டு இறங்கும்போது, முதல் நான்கைந்து கொண்டை ஊசி வளைவு வரை பரவாயில்லை. அதற்கடுத்த ஒன்றில் மிதித்தேன், பெடல் தரை வரை போய்விட்டது. எதிரில் பால் கேன் கட்டின டூ வீலர். இரண்டாவது தடவை மிதித்ததும் மேலே வந்து பிடித்தது, கை தானாக ஹேண்ட் பிரேக்குக்குப் போனது. இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, கியர் பாக்ஸுக்குப் பின்னால் ஷாஃப்டைத்தான் பிடிக்கும், இழுத்தால் வண்டி மாட்டை மூக்கணாங்கயிற்றில் சுண்டின மாதிரி குலுங்கும். குலுங்கி நின்றது. டூ வீலர்காரர் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத வேண்டாம். பையன்களை இறங்கி நடக்கச் சொல்லிவிட்டு, லோ ரேஞ்சில் முதல் கியர் போட்டு எஞ்சினையே பிரேக்காக வைத்து அடிவாரம் வரை உருட்டிக்கொண்டு வந்தேன். தினமும் தொப்பூர் கணவாயில் லாரிகள் என்னென்ன பாடு படுகின்றன என்று பேப்பரில் படித்துக்கொண்டே வளர்ந்த ஊர்க்காரன் நான். எனக்கே அறிவு இல்லாமல் போச்சு.

புளியமரத்தடிப் பட்டறையைச் சொன்னது ஒரு தக்காளி லாரி டிரைவர், பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போகிறவர். "அங்க போனா அவரு உடனே கழட்ட மாட்டாருண்ணா, கேள்விதான் கேப்பாரு, கோவிச்சுக்காதீங்க" என்றார்.

அப்படித்தான் ஆனது. மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். வண்டியை நிறுத்தினதும் பானெட்டுப் பக்கம்கூடப் போகவில்லை. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் பெடலை மிதித்தார். கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார் என்றே சொல்ல வேண்டும். அப்புறம் கேட்டார்:

"பெடல் லூசுங்கறீங்க. எப்படி லூசு? ஆழத்துல போயி கெட்டியா நிக்குதா, பஞ்சு மாதிரி அமுங்குதா, இல்ல மிதிச்சுப் பிடிச்சிருந்தா மெதுவா இறங்குதா?"

மூன்றும் ஒன்றுதானே என்று நினைத்திருந்தேன். மூன்றும் வேறு வேறு நோய் என்று அவர் சொன்னதைத்தான் இந்த ரிவ்யூவில் முக்கியமாக எழுத நினைத்தேன், ஏனென்றால் மூன்று தடவை வண்டியைப் பார்த்தவர்களில் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பெடல் ஆழத்துக்குப் போய் அங்கே கல் மாதிரி நின்றால், இரண்டு தடவை சடசடவென்று மிதித்தால் மேலே வந்துவிட்டால், ஷூ டிரம்மை விட்டுத் தள்ளி நிற்கிறது, அட்ஜஸ்ட் பண்ண வேண்டும், அவ்வளவுதான், அதற்கு ஏர் எடுத்து ஆயிலைக் கொட்டுவது வீண். மிதித்துப் பிடித்திருக்கும்போது லிஃப்ட் மாதிரி மெதுவாகக் கீழே இறங்கினால், எங்காவது ஒழுகுகிறது, வெளியே ஒழுகல் தெரியவில்லை என்றால் மாஸ்டர் உள்ளேயே பக்கெட்டைத் தாண்டி ஆயில் பின்னால் போகிறது. பஞ்சு மாதிரி அமுங்கினால்தான் ஏர். "ஏர் மட்டும் இல்ல, பஞ்சுக்கு இன்னும் ரெண்டு மூணு காரணம் இருக்கு" என்று நிறுத்திவிட்டு டீ சொல்லப் போய்விட்டார்.

டீ வந்தது. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு நிமிடம் பெடலை அழுத்திப் பிடித்திருக்கச் சொன்னார். இறங்கவில்லை. மாஸ்டர் பக்கெட் நல்லா இருக்கு, மாற்ற வேண்டியதில்லை என்றார். முதல் ஐந்து நிமிடத்தில் எனக்கு மாஸ்டர் சிலிண்டர் விலை மிச்சம்.

அடுத்து அவர் செய்ததை நான் இதற்கு முன் எங்கும் பார்த்ததில்லை. வாய் உருண்டையாகத் தேய்த்து வைத்த சின்னச் சின்ன கிளாம்ப்களை எடுத்து, வண்டியில் ரப்பர் ஹோஸ் வருகிற இடத்தில் எல்லாம் மேலே துணி சுற்றி இறுக்கினார். அதாவது சக்கரங்களுக்கு ஆயில் போகாது, மாஸ்டரும் இரும்புப் பைப்பும் மட்டும். இப்போது மிதிக்கச் சொன்னார். பெடல் சுவர் மாதிரி. பிறகு பின் ஆக்ஸிலுக்குப் போகிற ஹோஸின் கிளாம்ப்பை மட்டும் எடுத்தார், பெடல் கொஞ்சம் இறங்கியது, ஆனால் கெட்டி. அதைத் திரும்ப இறுக்கிவிட்டு முன் இடது சக்கரத்தை விட்டார், பஞ்சு. அதை அடைத்து முன் வலதை விட்டார், அதுவும் பஞ்சு. "ரெண்டு பக்கமும் ஒரே அளவுக்கு ஏர் நிக்குமா சார்? அளந்து ஊத்தினாத்தான் நிக்கும்" என்றார். பழைய ஹோஸாக இருந்தால் இப்படி இறுக்கினால் உள்ளே கிழியும், அதனால் எல்லாரும் வீட்டில் பிளையரை வைத்து நசுக்கிப் பார்க்காதீர்கள். என் வண்டி ஹோஸ் எப்படியும் மாற்ற வேண்டியதுதான் என்று முன்னாலேயே பார்த்து வைத்துக்கொண்டுதான் செய்தார்.

ஹோஸைச் சொன்னேன் இல்லையா. பட்டறைப் பையனை மிதிக்கச் சொல்லிவிட்டு என் விரலைப் பிடித்து முன் வலது ஹோஸ் மேல் வைத்தார். மிதிக்கும்போது ஹோஸ் லேசாக உப்புவது விரலுக்குத் தெரிந்தது, கையில் நாடி பார்க்கிற மாதிரி. முந்தைய ஒர்க்‌ஷாப்பில் எல்லாம் புதுசு என்றுதான் பில் போட்டார்கள், ஹோஸைத் தொடவே இல்லை. அதை மாற்றினோம். பெடல் கொஞ்சம் தேறியது. கொஞ்சம்தான்.

மணி ஒன்றரை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவருக்கு இல்லை. ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், பேரிங்கில் ஆட்டம் இருந்தால் டிரம் அசையும்போது ஷூவைத் தள்ளிவிடும், அடுத்த மிதிக்குப் பெடல் ஆழத்துக்குப் போகும். ஆட்டம் இல்லை. வீல் சிலிண்டரில் காற்றை வெளியே விடுகிற சின்னத் திருகான நிப்பிளை ஒரு நொடி திறந்து மூடினார், பெடல் மேல் யாரும் கால் வைக்காதபோதும் ஆயில் சின்னதாகப் பீய்ச்சியது. டிரம் பிரேக் வண்டிக்கு மாஸ்டரில் ஒரு சின்ன வால்வு உண்டு, பெடலை விட்ட பிறகும் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும், அது இருந்தால்தான் வீல் சிலிண்டர் பக்கெட்டின் உதடு சுவரோடு ஒட்டி நின்று வெளிக்காற்றை உள்ளே விடாது. கிட் மாற்றுகிறவர்கள் அதை வேண்டாத பொருள் என்று தூக்கிப் போட்டுவிடுவதும் உண்டாம். என் வண்டியில் இருந்தது.

இடது பக்க நட்டை எதிர்ப்பக்கம் திருப்பிக் கழற்றினார். இந்த ஜீப்புகளுக்கு இடது பக்கச் சக்கர நட்டு எதிர் மரை. தெரியாதவர் கையில் கொடுத்தால் முறுக்கி முறுக்கி ஸ்டடையே ஒடித்துவிடுவார், அதனால் புது மெக்கானிக்கிடம் போனால் நான் இதைத்தான் முதலில் கவனிப்பேன். இவர் யோசிக்காமல் திருப்பினார்.

டிரம் வெளியே வந்தது. தூசியைக் காற்றடித்து ஊதவில்லை, ஈரத் துணியால் துடைத்தார், அந்தத் துணியைத் தனியாக ஒரு கவரில் போட்டுக் கட்டினார். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், நெஞ்சில் போனால் வெளியே வராது என்று பையனுக்கு ஒரு அதட்டல் வேறு. இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தப் பட்டறைக்கு மதிப்பெண் கொடுப்பேன், கம்ப்ரஸர் வைத்துப் புகை மண்டலமாக்குகிற இடங்களை எவ்வளவோ பார்த்துவிட்டேன்.

இப்போது சாக்கட்டி. ஷூ மேல் இருக்கிற லைனிங் முழுக்க வெள்ளையாகப் பூசினார், இந்த முனையில் இருந்து அந்த முனை வரை. டிரம்மைத் திரும்ப ஏற்றப் போனார், ஏறவில்லை, அட்ஜஸ்டரை முழுசாகத் தளர்த்தியும் பிடித்தது. என்னைப் பார்த்தார். சுத்தியல் கதையை அப்போதுதான் சொன்னேன். "முன்னாடியே சொல்லியிருந்தா காலையிலேயே முடிச்சிருப்பேனே" என்று சிரித்தார். டிரம்மை ஏற்றி, கையால் சுற்றி, பையனை லேசாக பிரேக் மிதிக்கச் சொல்லி, திரும்பக் கழற்றினார்.

லைனிங்கின் இரண்டு முனையிலும் விரல் அகலத்துக்குச் சாக்கட்டிப் பூச்சு அழிந்து கறுப்பாக இருந்தது. நடுவில் வெள்ளை அப்படியே. முழு நிலா மாதிரி, கை படாமல்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பழைய டிரம்மைக் கடைந்து கடைந்து உள்விட்டம் பெரிதாகியிருந்தால் அதற்குத் தடித்த லைனிங் போடுவார்கள், ஓவர் சைஸ் என்று. என் பின் டிரம்கள் ஏற்கெனவே கடைந்தவை, அவற்றுக்கு அது பொருத்தம். அந்த ஒர்க்‌ஷாப்பில் நான்கு சக்கரத்துக்கும் அதையே வாங்கி ரிவெட் அடித்துவிட்டார்கள். முன்னால் போட்டதோ புது டிரம், உள்விட்டம் சரியாக ஒன்பது அங்குலம், அதாவது 228.6 மி.மீ. சின்ன வட்டத்துக்குள் பெரிய வளைவை நுழைத்தால் இரண்டு முனைதான் தொடும், நடுவில் இடைவெளி. மிதித்தால் முதலில் முனைகள் தொடும், மேலும் மிதித்தால் ஷூவே வில் மாதிரி வளைந்து நடுப்பகுதி டிரம்மைத் தேடிப் போகும். காலுக்குக் கீழே பஞ்சு மாதிரி தெரிந்தது காற்று இல்லை, இரும்பு வளைகிற வளைவு. எத்தனை பாட்டில் ஊற்றி ஏர் எடுத்தாலும் இரும்பு வளைவதை நிறுத்த முடியுமா?

ஒரு போஸ்ட் கார்டை எடுத்து ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் விட்டுக் காட்டினார், நடுவில் போனது, முனையில் போகவில்லை. மலையில் இறங்கும்போது ஏன் அவ்வளவு மோசமானது என்றும் கேட்டேன். டிரம் சூடானால் விரியும், ஷூவை விட்டு வெளிப்பக்கமாகத் தள்ளிப் போகும், பெடல் இன்னும் ஆழத்துக்குப் போகும், அதோடு தொடுகிற இடம் இரண்டு விரல்தான் என்பதால் அந்த இடம் மட்டும் காய்ந்து பிடிப்பே போய்விடும். "ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினா தேஞ்சு தானா படிஞ்சிடும். அதுவரைக்கும் நீங்க இருக்கணுமே" என்றார்.

அதற்கு வைத்தியம் லேத், அதாவது கடைசல் மெஷின். முன் ஷூ நான்கையும் டிரம் இரண்டையும் ஒரு சாக்குப் பையில் போட்டு டவுனுக்குள் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோகச் சொன்னார், டிரம் எந்த ஷூவுக்கு என்று பெயிண்டில் நம்பர் போட்டுக் கொடுத்தார். லைனிங்கை அந்த டிரம்மின் வளைவுக்கு, அதைவிட ஒரு மயிரிழை சின்னதாகத் தேய்த்துக் கொடுக்க வேண்டும். இங்கேதான் தாமதம். அன்று கரன்ட் இல்லை, மறுநாள் லேத்காரர் குலதெய்வக் கோயிலுக்குப் போய்விட்டார், "ரெண்டு நாள் சார்" என்றது ஐந்து நாள் ஆனது. மேஸ்திரி போன் எடுப்பதே அபூர்வம். எடுத்தாலும் திரும்பக் கூப்பிடுகிறேன் என்பார், கூப்பிட மாட்டார். மூன்றாம் நாள் நேரிலேயே போய் நின்றேன், அவர் ஒரு டெம்போவுக்கு அடியில் படுத்துக்கொண்டு, "உங்க வண்டிக்கு லேத் வரணும், நான் என்ன பண்ண" என்றார். கோபம் வந்தது. நியாயமும் இருந்தது. இரண்டும்.

பின் டிரம்களை அங்கேயே வெர்னியரில் இரண்டு பக்கமாக வைத்து அளந்தார், ஒரு பக்கம் அளந்ததும் கால் வட்டம் திருப்பி மறுபடி, முட்டை வடிவமாகியிருந்தால் தெரிந்துவிடும். கடைவதற்கு ஒரு எல்லை உண்டு, ஒன்பது அங்குல டிரம்மில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போனால் டிரம்மைக் குப்பையில் போட வேண்டியதுதான். என்னுடையது உள்ளேயே இருந்தது.

ஐந்தாம் நாள் எல்லாம் பொருத்தினார். இந்த மாடலில் ஷூவின் அடிப்பக்கம் மாட்டி நிற்கிற ஆணி மையம் தப்பினது, திருப்பினால் ஷூவின் அடிப்பக்கம் மேலேயும் வெளியேயும் நகரும். பெரும்பாலான பட்டறைகளில் மேலே ஷூவை டிரம் பக்கம் நகர்த்துகிற கேமை மட்டும் திருப்பிவிட்டு அடியை விட்டுவிடுவார்கள், அந்த நட்டு துருப்பிடித்திருக்கும், யார் போய் மல்லுக்கட்டுவது. இவர் முந்தின நாளே ஆயில் விட்டு ஊற வைத்திருந்தார். இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜில் அடியில் ஐந்து தௌ, மேலே எட்டு (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). காதை டிரம் பக்கத்தில் வைத்துச் சுற்றினார், லேசாக உரசுகிற சத்தம் வரும்வரை இறுக்கி, அந்தச் சத்தம் போகும்வரை தளர்த்தினார். பெடல் ராடிலும் அரை அங்குலம் சும்மா ஆட்டம் விட்டார், அது இல்லாவிட்டால் மாஸ்டரில் ஆயில் திரும்புகிற சின்ன ஓட்டை அடைபட்டு, ஓட ஓட பிரேக் தானாக இறுகிக்கொள்ளும்.

கடைசியாகத்தான் ஏர் எடுத்தார். நான் வீட்டில் இருந்து பாதிப் பாட்டில் பிரேக் ஆயில் கொண்டுபோயிருந்தேன், வீணாக்க வேண்டாமே என்று. எப்போது திறந்தது என்று கேட்டார். பொங்கலுக்கு. "போன பொங்கலா, அதுக்கு முந்தினதா?" பாட்டிலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். திறந்து வைத்த பிரேக் ஆயில் காற்றில் இருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது, தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த அளவு 140 வரை இறங்கிவிடும், மலை இறக்கத்தில் லைனுக்குள்ளேயே ஆவி கட்டிப் பெடல் காணாமல் போகும். சீல் உடைக்காத புது பாட்டில் வாங்கி வரச் சொன்னார். வேறு ஆயில் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது என்றார், ஒரு டப்பாவில் இருந்து ஒரு பக்கெட்டை எடுத்துக் காட்டினார், யாரோ அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊற்றிய வண்டியில் இருந்து எடுத்ததாம், ஊறின கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது.

மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே சேஸிஸில் இருக்கிறது. ஆயில் ஊற்றத் தகட்டைத் திறக்க வேண்டும், திறந்தால் செருப்பு மண் எல்லாம் உள்ளே விழும். இவர் முதலில் பிரஷ்ஷால் பெருக்கி, ஈரத் துணியால் துடைத்து, அப்புறம்தான் மூடியைத் தொட்டார். தூரமான பின் இடது சக்கரத்தில் ஆரம்பம். நிப்பிளில் டியூபை மாட்டி, இன்னொரு முனையை ஆயில் இருக்கிற கண்ணாடி பாட்டிலில் முக்கி, பையனிடம் "மிதி... பிடி... விடு" என்று நிதானமாக. முந்தைய இடத்தில் பையன் பெடலை அம்மிக்கல் மாதிரி இடித்துக்கொண்டிருந்தான், அப்படி இடித்தால் ஆயில் நுரைக்கும், நுரை வெளியே வராது. நான்கு சக்கரமும் முடிய அரை மணி நேரம். குமிழி நின்றது.

ஏறி மிதித்தேன். பெடல் பாதியில் நின்றது. கல் மாதிரி. இரண்டாம் தடவையும் அதே இடம்.

செலவு: ஹோஸ், பிரேக் ஆயில், லேத் கூலி, அவர் கூலி எல்லாம் சேர்த்து நாலாயிரத்து எழுநூறு ரூபாய். அதில் அவர் கூலி இரண்டாயிரம்தான். முந்தைய இடத்தில் இதைப்போல மூன்று மடங்குக்கு மேல் கொடுத்திருந்தேன். பில் கிடையாது, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். ஹோஸ் விலையை மாற்றின பிறகுதான் சொன்னார், முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

குறை சொல்லாமல் விட்டால் ரிவ்யூ ஆகாது. உட்கார நாற்காலி இல்லை, டிரெய்லர் மேல்தான் உட்கார வேண்டும், ஒரு நாய் யாரைப் பார்த்தாலும் குரைக்கும். ஸ்டியரிங் முழுக்க கிரீஸ் கைரேகை. வீட்டுக்கு வந்து பார்த்தால் தரைத் தகட்டுக்கு நான்கு ஸ்க்ரூவில் இரண்டுதான் போட்டிருந்தார், ஓடும்போது கடகடவென்று சத்தம். அப்புறம் ஒரு விஷயத்தில் அவரோடு எனக்கு ஒத்துப்போகவே இல்லை. ஒரே லைனுக்குப் பதிலாக முன்னால் தனி, பின்னால் தனி என்று இரட்டை மாஸ்டர் போடலாமா என்று கேட்டேன், ஒன்று போனாலும் இன்னொன்று இருக்குமே. "ஒழுங்கா பாத்துக்கிட்டா ஒண்ணே போதும்" என்று கையை வீசிவிட்டார். அவருக்கு அது போதும், வத்தல்மலையில் பெடல் தரையில் போனதை அவர் கால் பார்க்கவில்லை. நான் எப்படியும் அதைச் செய்யத்தான் போகிறேன், வேறு எங்காவது.

ஏ.பி.எஸ். வந்த புது கார்களை இவரிடம் கொண்டுபோகாதீர்கள், தொடவும் மாட்டார். ஜீப், பழைய அம்பாஸடர், பத்மினி, டிரம் பிரேக் டெம்போ இதெல்லாம்தான் இவர் கை. சனிக்கிழமை கூட்டம் அதிகம், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் போனால் முதல் ஆளாகப் பார்ப்பார். போகும்போது என்னென்ன மாற்றினீர்கள், யார் மாற்றினார்கள், மாற்றும்போது எது சரியாகப் போகவில்லை என்பதையெல்லாம் எழுதிக்கொண்டு போங்கள், என்னை மாதிரி சுத்தியலை மத்தியானம் வரை மறைத்து வைக்காதீர்கள்.

முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொல்லியிருந்தார், புது லைனிங் படியும்போது கொஞ்சம் இடைவெளி விழும் என்று. அதில் தொப்பூர் கணவாய் ஒருமுறை, இரண்டாம் கியரில், சேலம் பக்கம் இறங்கி. பிறகு வத்தல்மலையிலும் அதே வளைவில் வேண்டுமென்றே நின்று பார்த்தேன், பெடல் இருந்த இடத்திலேயே இருந்தது. திரும்பிப் போனபோது பத்து நிமிடத்தில் கேமைத் திருப்பிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. தகட்டைக் காட்டினேன். சட்டைப் பையில் கையை விட்டு இரண்டு ஸ்க்ரூவை எடுத்தார். இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கின்றன போல.